சனிக்கிழமைக் காலைப் படங்கள்: ஒரு குளிர்கால நாட்குறிப்பு

2025 ஜனவரி 5, ஞாயிறு

ஒரு பழைய இரும்புக் கட்டிலைத் தூக்கிக்கொண்டு லண்டன் தெருத் தெருவாக அலைகிறார்கள் சில பிள்ளைகள். அப்பாவின் ரம்பத்தை உடைத்துவிட்டார்கள். புதுசு வாங்கக் காசு வேண்டும். பழைய இரும்பு பொறுக்கி விற்கப் போய், விற்கக் கூடாத கட்டிலையும் சேர்த்து விற்றுவிட்டார்கள். இப்போது அதை மீட்டு வீடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கதை அவ்வளவுதான். ஜான் கிரிஷ் இயக்கி 1958-ல் வந்த 'தி சால்வேஜ் கேங்'. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

"என்னங்க, இந்தக் கட்டிலை இதுங்க எங்கதான் கொண்டுபோவுதுங்க?" என்று சமையலறையிலிருந்து வந்தவள் அப்படியே உட்கார்ந்து கடைசிவரை பார்த்துவிட்டாள்.

நான் பிள்ளைகளைப் பார்த்த நேரம் குறைவு. கட்டில் போகிற தெருக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடமாக நான் பஸ்ஸில் போய்வரும் ஊர், நெரிசல் இல்லாமல், கறுப்பு வெள்ளையில், வேறு யாருடைய ஊரையோ பார்ப்பது மாதிரி இருந்தது. இன்னொன்றும் கவனித்தேன். அந்தக் கூட்டத்தில் வெள்ளையர் அல்லாத ஒரு சிறுவனும் இருக்கிறான். மற்றவர்களோடு அவனும் கட்டிலுக்குத் தோள் கொடுக்கிறான். அதைப் பற்றிப் படத்தில் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. 1958-ல்.

ஜனவரி 7, செவ்வாய்

வாட்ஸ்அப்பில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள், இது என்ன படம், யார் எடுத்தது என்று. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் காலத்து பிரிட்டனில் சனிக்கிழமை காலை என்றால் சினிமா கொட்டகைகள் பிள்ளைகளுக்குத்தான். ஏபிசி, ஓடியன் என்று ஒவ்வொரு தியேட்டர் குழுமமும் பிள்ளைகளுக்கென்று ஒரு கிளப் நடத்தியது. கார்ட்டூன், தொடர்கதைப் படத்தில் ஒரு பகுதி, அப்புறம் ஒரு முழுப் படம். முழுப் படத்துக்குத்தான் தட்டுப்பாடு. பெரும்பாலும் அமெரிக்கக் கௌபாய் படங்களை ஓட்டினார்கள். நம்ம பிள்ளைகளுக்கு நம்ம ஊர்ப் படம் வேண்டும் என்று 1951-ல் தொடங்கியதுதான் சில்ட்ரன்ஸ் ஃபிலிம் ஃபவுண்டேஷன். கட்டில் படமும் அவர்கள் எடுத்ததுதான். முதலில் அதை நடத்தியவர் மேரி ஃபீல்ட் என்ற அம்மையார். லேசுப்பட்டவர் இல்லை. படம் ஓடும்போது இருட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் முகங்களை அகச்சிவப்பு ஒளியில் புகைப்படம் எடுத்து, எந்தக் காட்சியில் வாயைப் பிளக்கிறார்கள், எதில் நெளிகிறார்கள் என்று ஆராய்ச்சியே செய்தவர்.

காசு எங்கிருந்து வந்தது என்றால், டிக்கெட்டிலிருந்து. தியேட்டரில் விற்கும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் ஒரு சிறு பங்கு பிரிட்டிஷ் படத் தயாரிப்புக்கென்று ஒதுக்கப்பட்டது. அதற்கு ஈடி லெவி என்று பெயர். 1950-ல் தியேட்டர்காரர்கள் தாமாக ஒத்துக்கொண்டு கொடுத்தது, 1957-ல் சட்டமாகிவிட்டது. அந்த நிதியில் ஒரு துளிதான் பிள்ளைகள் படத்துக்கு. துளி என்பதால் செட் போட வழியில்லை. செட் இல்லாததால் கேமராவைத் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை கண்கொட்டாமல் பார்த்த அந்தத் தெருக்களெல்லாம் பணமில்லாததால் கிடைத்த வரம்.

நம் நாட்டிலும் 1955-ல் நேருவின் ஆர்வத்தில் பிள்ளைகளுக்கென்று ஒரு திரைப்படச் சங்கம் வந்தது. அது வேறு கதை, இன்னொரு நாள்.

ஜனவரி 11, சனி

கீழ் வீட்டுப் பெரியவரைக் கூப்பிட்டு டிஸ்க்கைப் போட்டுக் காட்டினேன். எழுபது தாண்டியவர், தென் லண்டனிலேயே பிறந்து வளர்ந்தவர். ஏபிசி மைனர்ஸ் கிளப்பில் உறுப்பினராக இருந்தவர். பெயரைச் சொன்னதுமே கிளப் பாட்டைப் பாட ஆரம்பித்துவிட்டார். பாட்டின் வரிகள் திரையில் வருமாம், வார்த்தைக்கு வார்த்தை ஒரு பந்து துள்ளிக்கொண்டே போகுமாம், கொட்டகையே அலறுமாம். இருட்டில் ஒளிரும் பேட்ஜ் ஒன்று கொடுப்பார்கள். அந்த வாரம் பிறந்தநாள் வந்த பிள்ளைகளை மேடைக்கு அழைப்பார்கள். கட்டணம் ஆறு பென்ஸ், பழைய காசில்.

சரி, படம்? எந்தப் படம் பார்த்தீர்கள், கதை என்ன என்று கேட்டால் திணறுகிறார். பால்கனியிலிருந்து கீழே ஐஸ் குச்சி எறிந்தது ஞாபகம் இருக்கிறது. மேனேஜர் படத்தை நிறுத்திவிட்டு மேடையேறித் திட்டியது ஞாபகம் இருக்கிறது. திரையில் யாரோ ஓடினார்கள், யாரோ துரத்தினார்கள், கடைசியில் வில்லன் தண்ணீரில் விழுந்தான். எல்லாப் படத்திலும் விழுவான் என்கிறார்.

எனக்குத் தோன்றுவது இதுதான். அந்தப் பிள்ளைகள் இந்தப் படங்களைப் பார்க்கவே இல்லை. ஆயிரம் பேர் கத்துகிற இடத்தில் வசனம் எப்படிக் காதில் விழும்? அதைத் தெரிந்துகொண்டுதான் எடுத்திருக்கிறார்கள். வசனம் குறைவு, ஓட்டம் அதிகம், நல்லவன் கெட்டவன் யாரென்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அந்த இரைச்சல் டிஸ்க்கில் கிடைக்காது. ஆனால் அன்று இரைச்சல் மறைத்ததெல்லாம் இன்று என் வீட்டுக் கூடத்தில் தெரிகிறது. பெரியவர் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். பஸ்ஸின் பக்கவாட்டில் இருந்த விளம்பரம், கடை வாசலில் அடுக்கியிருந்த பெட்டிகள், ஒரு வேலியின் கம்பி. "எங்கள் பள்ளிக்கூடத்திலும் இதே வேலிதான்" என்றார். கட்டில் என்ன ஆனது என்று அவர் கேட்கவே இல்லை.

ஒரு குறை மட்டும் சொன்னார். ஐம்பதுகளின் படங்களில் பிள்ளைகள் பேசுகிற ஆங்கிலம் ரொம்ப உயர்ந்த இடத்து ஆங்கிலமாம். நடிப்புப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகளை எடுத்துக்கொண்டால் அப்படித்தான் இருக்கும். அவர் கொட்டகையில் அதற்கே சிரிப்பார்களாம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். லீவு இல்லை. ஆபீஸ் முடிந்து வந்து குக்கரில் பொங்கியது. படம் எதுவும் பார்க்கவில்லை.

ஜனவரி 18, சனி

பெரியவர் பரணிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி இறக்கிக் கொடுத்தார். வீடியோ கேசட்டுகள். எண்பதுகளில் பிபிசி இந்தப் படங்களைத் தொலைக்காட்சியில் போட்டபோது அவர் மகனுக்காகப் பதிவு செய்தவை. இ-180 என்று முதுகில் அச்சடித்த டேப். மூன்று மணி நேரம் ஓடும். படம் ஒவ்வொன்றும் ஒரு மணிக்குள் என்பதால் டேப்புக்கு மூன்று கணக்காக உட்காரும். லேபிளில் பால்பாயிண்ட் பேனாவால் மூன்று பெயர்கள், அதில் ஒன்றை அடித்துவிட்டு மேலே 'கால்பந்து' என்று எழுதியிருக்கிறது. ஒரு படம் போயே போய்விட்டது. அந்த மேட்சை யாராவது திரும்பப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

டேப்பின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் சுருளின் விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சை. இதை அப்படியே விசிஆரில் (கேசட் பிளேயரில்) போட்டால் டேப்பைப் படிக்கும் ஹெட் போய்விடும், அடுத்துப் போடுகிற டேப்புக்கும் ஒட்டிக்கொள்ளும். நல்லதாக இருந்த ஒன்றை மட்டும் ஓட்டினேன். அடியில் கோடுகோடாக ஆடியது, டிராக்கிங்கைத் திருகத் திருகக் கொஞ்சம் அடங்கியது. படம் முடிந்ததும் அடுத்த நிகழ்ச்சி அரை நிமிடம் வந்து, டக்கென்று வெறும் பொரி. பெரியவரின் மகனுக்கு இந்தப் படங்கள் என்றால் அந்த அரை நிமிடமும் சேர்த்துத்தானாம். அப்பாவுக்கு நினைவில் நிற்பது கொட்டகை, மகனுக்குக் கேசட். எனக்கு இரண்டுமே கிடையாது. நான் இந்த ஊருக்கு வந்தபோது இதெல்லாம் முடிந்து பல வருடங்கள். பிறத்தியார் ஏக்கம் இப்படி ஒட்டிக்கொள்ளும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

'சோப்பாக்ஸ் டெர்பி', இதுவும் 1958. லண்டனில் பேட்டர்சீ பகுதிப் பையன்களுக்கும் விக்டோரியா பகுதிப் பையன்களுக்கும் போட்டி. மரப்பெட்டியில் சக்கரம் வைத்து, எஞ்சின் இல்லாமல் சரிவில் உருட்டிவிடும் வண்டிப் பந்தயம். பேட்டர்சீப் பையனாக வருவது மைக்கேல் கிராஃபோர்ட். பிற்காலத்தில் 'ஃபேன்டம் ஆஃப் தி ஆபரா' இசை நாடகத்தில் முகமூடி போட்டுக்கொண்டு உலகப் புகழ் பெற்றவர், இதில் முழங்கால் தெரிய ஓடுகிறார்.

மதியம் வெயில் எட்டிப் பார்த்ததால் பேட்டர்சீக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அந்தப் படம் வந்த காலத்தில் அங்கே மின்நிலையம் ஓடிக்கொண்டிருந்தது. 1983-ல் உற்பத்தி நின்று, பல வருடம் கூரை இல்லாமல் கிடந்து, 2022-ல் மாலாகத் திறந்தது. உள்ளே ஒரு காபியின் விலையைப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். அங்கே பிள்ளைகள் வண்டி உருட்டினால் காவலாளி இரண்டே நிமிடத்தில் வந்து நிற்பார்.

ஜனவரி 25, சனி

இந்த வரிசையில் எனக்கு ரொம்பப் பிடித்தது என்றால் 'தி பாய் ஹூ டர்ன்ட் யெல்லோ'தான், 1972. லண்டன் கோட்டைக்குப் பள்ளிச் சுற்றுலா போன பையன் தன் வளர்ப்பு எலியை அங்கே தொலைத்துவிடுகிறான். பிறகு பாதாள ரயிலில் போகும்போது பெட்டி, பயணிகள், அவன் எல்லாமே மஞ்சளாகிவிடுகிறது. ராத்திரி டிவி வழியாக நிக் என்று ஒரு ஆள் வருகிறார், மின்சாரத்தில் பயணம் செய்பவர். அவரோடு போய் எலியைத் தேடுகிறான்.

எழுதியவர் எமெரிக் பிரெஸ்பர்கர், இயக்கியவர் மைக்கேல் பவல். 'தி ரெட் ஷூஸ்' எடுத்த அதே ஜோடி. 1960-ல் 'பீப்பிங் டாம்' படத்துக்கு விமர்சகர்கள் போட்ட போடில் பவலுக்கு பிரிட்டனில் வாய்ப்பே அருகிப்போனது. அந்த இருவரும் கடைசியாகச் சேர்ந்து செய்த படம் இந்த எலிக் கதை. ஆறு பென்ஸ் கொடுத்துவிட்டு உள்ளே வருகிற வாண்டுகளுக்கு எடுக்கிறோம் என்ற அலட்சியம் ஒரு இடத்தில்கூட இல்லை. மஞ்சள் வரும் அந்தக் காட்சியை மட்டும் மூன்று தரம் போட்டுப் பார்த்தேன்.

இயக்குநர் அல்பெர்த்தோ கவல்கான்ட்டி போன்ற பெரிய கையும் இந்தப் பக்கம் வந்திருக்கிறார். 1961-ல் 'தி மான்ஸ்டர் ஆஃப் ஹைகேட் பாண்ட்ஸ்'. மலாயாவிலிருந்து மாமா கொண்டுவந்த முட்டை பொரிந்து ஒரு ராட்சத ஜந்து வர, பிள்ளைகள் அதை ஹைகேட் குளத்தில் ஒளித்து வளர்க்கிறார்கள். மலாயாவிலிருந்து திரும்புகிற மாமா என்றால் நம் பக்கம் கைக்கடிகாரமும் தைலமும்தான் வரும். ஜந்து, சில காட்சிகளில் பொம்மை, சில காட்சிகளில் உடை மாட்டிய ஆள் என்று அப்பட்டமாகத் தெரிகிறது. சுமாரான படம்தான். 'தி கிளிட்டர்பால்' எவ்வளவோ மேல். 1977-ல், 'ஸ்டார் வார்ஸ்' வந்த அதே வருடம், கைக்கடக்கமான ஒரு வெள்ளிக் கோலியை வேற்றுக்கிரகவாசி என்று சொல்லி, கையிலிருக்கிற சொற்பக் காசில் அதைச் சமையலறையில் உருளவும் தின்னவும் வைத்து நம்ப வைத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 1, சனி

இன்று 'அனூப் அண்ட் தி எலிஃபன்ட்', 1972. இந்தியப் பையன் கதாநாயகன். கூடவே யானை. பின்னே, இந்தியப் பையன் என்றால் யானை இல்லாமல் எப்படி? மற்ற பிள்ளைகளுக்கு வண்டி, கால்பந்து, கட்டில். நமக்கு யானை. கொஞ்சம் எரிச்சலோடுதான் பார்க்க ஆரம்பித்தேன். ஆனாலும் பையன் படம் முழுக்க மற்ற பிள்ளைகளுக்குச் சமமாக ஓடுகிறான். இங்கே நம் பிள்ளைகள் இனவெறியர்களிடம் தெருவில் அடிவாங்கிக்கொண்டிருந்த எழுபதுகளில் அது சின்ன விஷயம் இல்லை.

இயக்குநர் பெயர் டேவிட் ஈடி. நான் முதலில் பார்த்த டிஸ்க்கிலேயே 'ஆபரேஷன் தேர்ட் ஃபார்ம்', 'நைட் ஃபெர்ரி' இரண்டும் இவருடையவை. இவருடைய அப்பா யார் தெரியுமா? சர் வில்ஃப்ரெட் ஈடி, கருவூல அதிகாரி. அந்த லெவிக்குப் பெயர் கொடுத்த அதே ஈடி. அப்பா டிக்கெட்டிலிருந்து பிடித்தார், மகன் அதில் படம் எடுத்தார் என்று பெரியவர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எடுத்ததையெல்லாம் பார்த்தபின் எனக்கு அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

1985-ல் லெவியை ரத்து செய்தார்கள். கொட்டகைக் கிளப்புகள் அதற்குள்ளேயே படுத்துவிட்டன. 'டிஸ்வாஸ்', 'ஸ்வாப் ஷாப்' என்று பிள்ளைகள் நிகழ்ச்சிகளைப் போட்டு எழுபதுகளிலேயே டிவி சனிக்கிழமைக் காலையைப் பிடுங்கிக்கொண்டது. எல்லாப் பழியையும் டிவி மேல் போடுகிறார்கள். நான் அப்படிப் போட மாட்டேன். அதே டிவியில்தானே பெரியவரின் மகன் இந்தப் படங்களைப் பார்த்தான்? கொட்டகை போனாலும் படம் எடுத்திருக்கலாம். டிக்கெட்டில் அந்தச் சில்லறை நின்றதும் அதுவும் நின்றது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டவர்களுக்கு: பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் போட்ட 'லண்டன் டேல்ஸ்' டிஸ்க். கட்டில் படம் அதில்தான் இருக்கிறது. பிடித்துப்போனால் 'பம்ப்பர் பாக்ஸ்' வாங்குங்கள், மூன்று டிஸ்க்கில் ஒன்பது படம். ஊரில் இருப்பவர்கள் கவனிக்க, இவை ரீஜன் 2 டிவிடி. இந்தியா ரீஜன் 5 என்பதால் சாதாரண பிளேயரில் ஓடாது, மல்டி ரீஜன் பிளேயர் வேண்டும். என்னுடையதை இரவல் கேட்காதீர்கள், பெரியவர் ஏற்கெனவே வாங்கிக்கொண்டு போய்விட்டார்.