அப்பாவுக்கு எத்தனை மில்லிகிராம்?

கல்லீரல் கெட்டுப்போன புற்றுநோயாளிக்குக் கீமோ எந்த அளவு வரை கொடுக்கலாம் என்று கண்டுபிடிக்கும் ஆய்வு ஒன்றில் அப்பா சேர்ந்திருந்தார். கோபிச்செட்டிபாளையத்துக்கும் கோவைக்கும் இடையே அலைந்த அந்த நாட்களைப் பற்றிச் சொந்தக்காரர்களும் உடன் வேலை செய்பவர்களும் இன்னும் கேட்கிறார்கள். பாதிப் பேர் "உங்கப்பாவை வச்சுச் சோதனை பண்ண ஒத்துக்கிட்டீங்களா?" என்று கேட்கிறார்கள், மீதிப் பேர் "எங்க வீட்டுக்காரருக்கும் அதே மாதிரி மஞ்சக்காமாலை, அங்க சேர்த்துக்குவாங்களா?" என்று. இரண்டுக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

அப்பாவுக்குப் பெருங்குடலில் புற்று. கண்டுபிடித்தபோதே கல்லீரலுக்குப் பரவியிருந்தது. முதலில் ஆக்ஸாலிபிளாட்டினும் ஃபைவ் எஃப்யூவும் சேர்ந்த கீமோ. விரலெல்லாம் மரத்து, ஃப்ரிட்ஜில் வைத்த சொம்பைத் தொட முடியாமல் போனதே தவிர, நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் கண் மஞ்சளாகி, ராத்திரி முழுக்க அரிப்பு. கல்லீரல் பித்தத்தோடு வெளியேற்ற வேண்டிய மஞ்சள் கழிவான பிலிரூபின், ரத்தத்தில் சுமார் 1 இருக்க வேண்டியது, 9-ஐத் தாண்டியிருந்தது. பித்தக்குழாயை ஒரு கட்டி வெளியிலிருந்து அழுத்துகிறது என்று தெரிந்து, ஈஆர்சிபி செய்து, அதாவது வாய் வழியாகக் குழாய் விட்டு, அடைப்பைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்கிற சின்னக் குழலை வைத்தார்கள். அரிப்பு நின்றது. பிலிரூபின் மளமளவென்று இறங்கி 2.4-இல் நின்றுகொண்டது. குழாய் அடைப்பு போயிற்று, மிச்சம் கல்லீரலுக்குள்ளேயே இருக்கிற கட்டிகளின் வேலை என்றார்கள்.

அடுத்த மருந்து ஐரினோடீகன். அது கல்லீரலில் பக்குவப்பட்டுப் பித்தத்தோடு வெளியேறுகிற மருந்து. பிலிரூபின் ஏறியிருக்கும்போது போட்டால் வயிற்றுப்போக்கும் வெள்ளையணு வீழ்ச்சியும் உயிருக்கே உலை வைக்கலாம். அப்போது பார்த்துக்கொண்டிருந்த மருத்துவமனையில் "பாதியாக் குறைச்சுப் போட்டுப் பார்க்கலாம்" என்றார்கள். ஏன் பாதி, ஏன் முக்கால் கூடாது என்று கேட்டதற்கு, "வழக்கமா அப்படித்தான்" என்பதோடு பேச்சு முடிந்தது. வழக்கம் என்றால் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்கிற தைரியம் அன்றைக்கு எனக்கு வரவில்லை.

கோவையில் ஆய்வு நடத்திய டாக்டர்தான் இதைப் பொறுமையாக விளக்கினார். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் கிரியேட்டினின் என்கிற ரத்தப் பரிசோதனையை வைத்து ஓரளவு கணக்குப் போட்டுவிடலாமாம். சிறுநீரகம் வழியாகக் கழிகிற கீமோ மருந்தான கார்போபிளாட்டினுக்கு 1989 முதல் கால்வர்ட் சூத்திரம் இருக்கிறது. எண்ணைப் போட்டால் மில்லிகிராம் வந்துவிடும். கல்லீரலுக்கு அப்படி ஓர் எண் கிடையாது. பிலிரூபின், எஸ்ஜிஓடி என்கிற கல்லீரல் நொதி, ஆல்புமின் என்கிற ரத்தப் புரதம், ரத்தம் உறையும் நேரம் என்று ஒவ்வொன்றும் ஒரு மூலையைத்தான் காட்டும். கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்லும் சைல்டு-பியூ மதிப்பெண் 1973-இல் சிரோசிஸ்காரர்களின், அதாவது கல்லீரல் தழும்பேறிச் சுருங்கியவர்களின், அறுவை சிகிச்சை ஆபத்தைக் கணிக்க வந்தது. கட்டி நிறைந்த கல்லீரலுக்கு அது முழுசாகப் பொருந்தாது.

மருந்துக்கு மருந்து வேறு கதை. டாக்ஸோரூபிசினை பிலிரூபின் 1.2-ஐத் தாண்டினாலே பாதியாக்குவார்கள், 3-ஐத் தாண்டினால் கால்பங்கு. டோசிடாக்செல் பிலிரூபின் ஏறியவர்களுக்குப் பொதுவாகக் கிடையவே கிடையாது. ஆனால் அப்பா முன்பு எடுத்த ஆக்ஸாலிபிளாட்டினை, கல்லீரல் மோசமாக இருப்பவர்களுக்கே படிப்படியாகக் கொடுத்துப் பார்த்து, குறைக்கத் தேவையில்லை என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் குழு கண்டுபிடித்திருக்கிறது. அப்படி ஓர் ஆய்வு நடக்காமல் இருந்திருந்தால் அதையும் "வழக்கமா" பாதியாக்கியிருப்பார்கள். பெரும்பாலான மருந்துகளின் பெரிய ஆய்வுகளில் பிலிரூபின் சாதாரண உச்ச எல்லையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால் சேர்க்கவே மாட்டார்களாம். மருந்து கடைக்கு வந்த பிறகு டாக்டர் முன்னால் மஞ்சள் கண்ணோடு உட்காருகிறவருக்கு அளவு யாருக்குத் தெரியும்?

எங்கள் ஆய்வில் இருந்தது ஏற்கெனவே விற்பனையில் உள்ள மருந்துதான். பிலிரூபினை வைத்து ஆட்களைப் பிரித்தார்கள்: சரியாக இருப்பவர்கள், லேசாகக் கெட்டவர்கள், நடுத்தரம், மோசம். எல்லையின் ஒன்றரை மடங்கிலிருந்து மூன்று மடங்கு வரை நடுத்தரம், அப்பா அதில். சேர்க்கும் முன் இடைவெளி விட்டு மறுபடி ரத்தம் பார்த்தார்கள். ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு பிலிரூபின் இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கலாம். அப்படி இருந்தால் எந்தக் குழுவில் வைப்பது?

ஒவ்வொரு படியிலும் முதலில் மூன்று பேர். முதல் 21 நாளில் மூவருக்கும் கடுமையான பக்கவிளைவு இல்லையென்றால் அடுத்த மூவருக்கு ஒரு படி கூடுதலாக. ஒருவருக்கு வந்தால் அதே அளவில் இன்னும் மூவர். இருவருக்கு வந்துவிட்டால் அந்த அளவு அதிகம் என்று அர்த்தம், கீழே இறங்கிவிடுவார்கள். எது கடுமையானது என்பதையும் முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள்: வெள்ளையணு விழுந்து காய்ச்சல் வருவது, ரத்தம் உறைய உதவும் தட்டணு 25,000-க்குக் கீழே போவது, இப்படி. அப்பா சேர்ந்தபோது அந்தக் குழுவில் முழு அளவில் பாதிதான் ஓடிக்கொண்டிருந்தது.

இதைக் கேட்டதும் பெரிய மாமா கொதித்துவிட்டார். "பாதி மருந்து குடுத்தா பாதிச் சீக்குதானுங்க போகும்?" நான் பதில் தேடுவதற்குள் அப்பாவே சொன்னார். "வடிகால் அடைச்சுக் கெடக்குதுங்க மாப்ள. பாதி மடை தொறந்தாலே வயக்காடு முழுகிப் போயிரும்." தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் ஆயுசுக்கும் நெல்லும் மஞ்சளும் போட்டவர். டாக்டர் படம் வரைந்து சொன்னதும் இதேதான்: கழிவது மெதுவானால், பாதி அளவே முழு அளவு போல ரத்தத்தில் நின்றுவிடலாம். நிற்கிறதா இல்லையா என்பதுதான் ஆய்வின் கேள்வி.

ஒப்புதல் படிவம் தமிழில் இருந்தது. நல்ல தமிழ் என்று சொல்ல மாட்டேன், ஆனால் விஷயம் இருந்தது. இந்த ஆய்வு முதலில் அளவைக் கண்டுபிடிக்கத்தான், உங்களுக்கு நேரடிப் பலன் கிடைக்காமலும் போகலாம் என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார்கள். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம், ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு, ஆய்வு நியாயமாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் எத்திக்ஸ் கமிட்டியின் போன் நம்பர் இது என்று எல்லாம் இருந்தது. எங்களைப் படிக்க வைத்து, கேள்வி கேட்க விட்டு, முழுவதையும் வீடியோ எடுத்தார்கள். கடைசியில் தொழில், ஆண்டு வருமானம், நாமினி என்று கட்டங்கள். வருமானம் என்ன எழுதட்டும் என்று கோஆர்டினேட்டர் கேட்க, "மஞ்ச வெலை ஏறுன வருசமா, எறங்குன வருசமா கண்ணு?" என்று அப்பா திருப்பிக் கேட்டார். நாமினி கட்டத்தில் அம்மா பேரை எழுதும்போது மட்டும் அறையில் பேச்சில்லை. படிவத்தின் ஒரு பிரதியைக் கையில் கொடுத்தார்கள். கொடுக்காவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

நாட்டு மருந்து விஷயத்தில்தான் வீட்டில் பெரிய அக்கப்போர். காமாலை என்றதும் ஆளாளுக்குக் கீழாநெல்லி கொண்டுவந்து இறக்கினார்கள். ஆய்வில் கசாயம், சூரணம், சத்து மாத்திரை எதுவும் கூடாது. கல்லீரல் மருந்தைக் கழிக்கும் வேகத்தையே அவை மாற்றிவிடலாம். கொண்டுவந்தவர்கள் மனசு நோகாமல் வாங்கி வைத்துக்கொண்டு, கொடுக்காமல் இருப்பது ஒரு தனிக் கலை. மஞ்சளைப் பற்றியும் கேட்டோம், எங்கள் வீட்டில் கேட்காமல் இருக்க முடியுமா? குழம்பில் போடுகிற அளவு சரி, மிளகு சேர்த்துக் கரண்டி கரண்டியாகப் பாலில் குடிப்பதும் மஞ்சள் மாத்திரையும் வேண்டாம், அதனாலேயே கல்லீரல் கெட்டவர்கள் உண்டு என்றார்கள். அப்பாவுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

முதல் டோஸ் அன்று ராத்திரி தங்க வேண்டியிருந்தது. வலது கையில் மருந்து ஏற, இடது கையில் ரத்தம் எடுக்க இன்னொரு ஊசி. மருந்து ஏறுகிற கையிலேயே எடுத்தால் கணக்கு தப்பாகிவிடுமாம். மருந்துக்கு முன், ஏறி முடிந்ததும், அரை மணியில், ஒரு மணியில், அப்புறம் இரண்டு, நான்கு, எட்டு, மறுநாள் இருபத்து நான்காவது மணி. நர்ஸ் கழுத்தில் டைமர். அரை மணி ரத்தம் பதினொன்றரைக்கு எடுக்க வேண்டியது, நரம்பு சரியாகக் கிடைக்காமல் 11.32 ஆகிவிட்டது. அவர் 11.32 என்றே எழுதினார்; இரண்டு நிமிடம்தானே என்று விடவில்லை. குழாயை அப்படியே ஐஸில் வைத்து லேபுக்கு ஓடினார்கள். எனக்கு இந்த இடத்தின் மேல் நம்பிக்கை வந்தது அந்த இரண்டு நிமிடத்தில்தான். ராத்திரி எட்டாவது மணி ரத்தத்துக்கு எழுப்பியபோது அப்பா, "இன்னும் எத்தன லிட்டருங்க அம்மிணி?" என்றார். மொத்தமாகச் சேர்த்தாலும் ஒரு டம்ளர் வராது.

முதல் சுற்று சிரமமில்லாமல் போனது. சோர்வு, வாய்க்கசப்பு, தட்டணு கொஞ்சம் இறங்கி ஏறியது, அவ்வளவுதான். இரண்டாவது சுற்றில் ஒரு நாள் சாயங்காலம் நடுக்கத்தோடு காய்ச்சல். பிலிரூபினும் எகிறியது. இந்த மாதிரி ஆய்வில் இதுதான் சிக்கலான இடம்: ஏறியது மருந்தாலா, நோயாலா, ஸ்டென்ட் அடைத்ததாலா? பார்த்தால் ஸ்டென்ட். மாற்றி வைத்தார்கள், ஆன்டிபயாடிக் போட்டார்கள், மருந்தைத் தள்ளிப்போட்டார்கள். காரணம் ஸ்டென்ட் என்று தெரிந்தும் அதை எத்திக்ஸ் கமிட்டிக்கு எழுதி அனுப்பினார்கள்.

அடுத்த ஸ்கேனில் கட்டி அப்படியே நின்றது. அதற்கடுத்ததில் வளர்ந்திருந்தது, ஆய்விலிருந்து வெளியே வந்துவிட்டோம். அப்பா இப்போது வீட்டில் இருக்கிறார். வலிக்கு மார்ஃபின் மாத்திரை, காலையில் தோட்டம் வரை ஒரு நடை. அவர் இருந்த படியில் மூவரும் தாங்கிவிட்டதால் அளவு ஒரு படி ஏறிவிட்டது என்று கோஆர்டினேட்டர் சொன்னார்.

கேட்கிறவர்களுக்கு: மருந்துக்கும் ஆய்வுக்கான பரிசோதனைக்கும் எங்களிடம் காசு வாங்கவில்லை, பஸ் செலவும் கொடுத்தார்கள், ஸ்டென்ட் செலவு எங்களுடையது. ஆய்வு சிடிஆர்ஐ என்கிற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவாகியிருக்கிறதா என்று பதிவு எண்ணைக் கேட்டுப் பாருங்கள். நோய் முழுசாகப் போய்விடும் என்ற எண்ணத்தில் மட்டும் சேராதீர்கள். ஆய்வில் இல்லாவிட்டாலும், கண் மஞ்சளாக இருக்கும்போது கீமோ போடுகிறார்கள் என்றால் எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், எதை வைத்துக் குறைத்தீர்கள் என்று கேளுங்கள், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஸ்டென்ட் வைத்தவருக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அந்த ராத்திரியே வண்டி எடுங்கள்.