மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்

“அதைப் பட்டினி போட்டுத்தான் பழக்குவாங்களா, தம்பி?”

கேட்டவர் முப்பது வருடம் யானைப் பாகனாக இருந்தவர். துபாயில் வேலை செய்யும் மகன் அழைத்திருக்கிறார். டிக்கெட், விசா வேலைகள் முடிந்து, பேத்திக்காக டால்ஃபினைத் தொட்டுப் பார்க்கும் நிகழ்ச்சிக்குப் பணம் கட்டும்போதுதான் இந்தக் கேள்வி வந்தது.

“இல்லீங்க ஐயா, அதுக்கு மனுஷங்கன்னா ரொம்பப் பிடிக்கும்” என்று சொல்லி ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன்.

அவர் கேட்டது சோற்றைப் பற்றி. நான் சொன்னது பாசத்தைப் பற்றி. பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் இத்தனை வருடமாக டிராவல்ஸ் நடத்துகிறேன், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நழுவுவது பழகிப்போன வேலைதான். ஆனால் அவரிடம் அது செல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அன்றைக்குரிய மீனைத்தான் காட்சிக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அதைப் பட்டினி என்று சொல்ல முடியாது. ஆனால் வயிறு நிறைந்துவிட்டால் விசிலுக்கு ஏன் ஓடி வரப் போகிறது? ஏஜெண்டுகளை அழைத்துப் போன ஒரு இலவசப் பயணத்தில் நானும் தொட்டிருக்கிறேன். உரித்த அவித்த முட்டை போல வழுவழுப்பு. அதற்கு முன் மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்கள், அதன் தோல் சீக்கிரம் கீறிவிடுமாம். ஊருக்கு வந்ததும் எங்கள் நோட்டீஸில் ‘சிரிக்கும் நண்பன்’ என்று எழுதியவன் நான்தான். அது சிரிப்பு இல்லை, தாடையின் அமைப்பு. செத்துக் கிடந்தாலும் முகம் அப்படித்தான் இருக்கும்.

இந்தியாவில் 2013 மே மாதமே டால்ஃபின் காட்சிக்கூடங்களுக்கு அனுமதி கிடையாது என்று மத்திய அரசு சொல்லிவிட்டது. அதற்கு முன் கொச்சியில்கூட ஒன்று வருவதாகப் பேச்சு இருந்தது. வந்திருந்தால் பாலக்காட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பஸ் விட்டிருப்பேன், சந்தேகமே இல்லை. 1998-ல் பல்கேரியாவிலிருந்து சென்னைக்குக் கொண்டுவந்த டால்ஃபின்கள் சில மாதங்களிலேயே செத்துப்போயின. 2019-ல் பயண இணையதளமான ட்ரிப்அட்வைசர்கூட, காட்சிக்காக டால்ஃபின்களை இனப்பெருக்கம் செய்கிற, இறக்குமதி செய்கிற இடங்களுக்கு டிக்கெட் விற்பதை நிறுத்துவதாக அறிவித்தது. இங்கே தப்பு என்றால் அங்கேயும் தப்புத்தானே? சரி, நான் விற்காவிட்டால் வாடிக்கையாளர் கோயம்புத்தூருக்குப் போய் வாங்குவார்.

கொஞ்ச நாள் அந்தப் பெரியவர் மேல் கோபம்கூட வந்தது. அங்குசமும் சங்கிலியுமாக வாழ்ந்தவர். மதம் தணிந்த யானையை அடித்துப் பணிய வைக்கும் ‘கெட்டி அழிக்கல்’ அவருக்குத் தெரியாததா? அவர் என்ன என்னைக் கேட்பது என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, அவரைத் தவிர வேறு யாருக்கு அந்தக் கேள்வி தோன்றும்? இருபது பேர் பணம் கட்டியிருப்பார்கள், எல்லோரும் போட்டோ உண்டா என்றுதான் கேட்டார்கள்.

திரும்பி வந்ததும் பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு கடைக்கு வந்தார்.

“டால்ஃபின் பாத்தீங்களா ஐயா?”

“பேத்தி தொட்டா. நான் கரையில நின்னுக்கிட்டேன்.” கொஞ்ச நேரம் கழித்து, “அது புள்ளைங்களைப் பாக்கல தம்பி. அந்தப் பையன் கையில இருந்த வாளியைத்தான் பாத்துது” என்றார்.

அந்த வாளியை நானும் பார்த்தவன்தான்.

மன்னிப்பு மாதிரி ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவரே, “அடுத்த லீவுக்கு சின்னவனோட புள்ளைங்க ரெண்டும் போகுது. அதையும் சேர்த்துப் போட்டுருங்க. இல்லேன்னா அழும்” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. என்னைச் சோதிக்கிறாரா, இல்லை அவருக்கும் இது நம் கோயில் ஆனை ஊர்வலமான எழுந்நள்ளிப்பு மாதிரி, பார்த்தும் பார்க்காமல் போக வேண்டிய சங்கதியா? வேண்டாம் ஐயா, வேறு ஏதாவது காட்டலாம் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்ல நல்ல நேரமும் அதுதான்.

ரெண்டு பேர் என்று எழுதினேன். மோதிரம், வளையல் இருந்தால் கழற்றிவிடச் சொல்லுங்கள் என்றேன்.