பெரிய சார் போட்ட தேதிகள்

எங்கள் பள்ளியில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, பெரிய சார்தான். நான் 1988-இல் இடைநிலை ஆசிரியையாக அங்கே போய்ச் சேர்ந்தபோது அவர் ஓய்வு பெற இன்னும் ஆறு வருஷம் இருந்தது. குடியாத்தத்திலிருந்து டவுன் பஸ், இறங்கி ஒரு மைல் நடை. இரண்டு அறை, ஓடு போட்ட வராந்தா, ஒரு புங்கமரம், ஐந்து வகுப்புக்கு மூன்று ஆசிரியர்கள். அடுத்த வருஷமே வட ஆற்காடு மாவட்டத்தை இரண்டாகப் பிரித்து எங்கள் பக்கத்துக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் வைத்தார்கள், அப்புறம் அதுவும் போய் வேலூர் மாவட்டம் ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் ரப்பர் ஸ்டாம்ப்பை மாற்றினோம். பீரோவில் இருந்த சேர்க்கைப் பதிவேடு மட்டும் அப்படியே இருந்தது.

அந்தப் பதிவேட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பது எப்படி என்று என் வயசுக்காரர்களுக்குத் தெரியும். வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயசு ஆகிவிட்டது. பிறந்த தேதி என்று ஜூன் 1 போட்டுவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவார்கள். ஊரில் பாதிப் பேர் ஒரே நாளில் பிறந்தது இப்படித்தான்.

பெரிய சாரும் காதைத் தொடச் சொல்வார், அதோடு விடமாட்டார். பிள்ளையை உட்கார வைத்துவிட்டு அம்மாவிடம் ஆரம்பிப்பார். எந்த மாசம்? மழையா வெயிலா? கடலை பிடுங்கினீங்களா, நாத்து நட்டீங்களா? அப்போ ஊர்ல யார் வீட்டுல சாவு? பெரும்பாலும் ஏதாவது ஒன்று வந்து மாட்டும். "சிரசு முடிஞ்சி எட்டாம் நாளு சார்" என்று ஒரு அம்மா சொன்னால் அவருக்குப் போதும். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வருஷா வருஷம் வைகாசி ஒண்ணாம் தேதி, அதாவது மே 14 அல்லது 15. விரல் விட்டு எண்ணி மே 22 என்று எழுதுவார். அமாவாசை, கிருத்திகை என்று சொன்னால் மேஜை டிராயரில் இருந்து பழைய பாம்புப் பஞ்சாங்கக் கட்டு வெளியே வரும். "இத்த இன்னாத்துக்கு இம்மாம் கேக்கற சார், நீயே ஒரு தேதி போட்டுக்கோயேன்" என்று சலித்துக்கொள்வார்கள். (எங்கள் பக்கம் சாமிக்கும் வாத்தியாருக்கும் 'நீ'தான். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த எனக்கு அது பழக ஒரு வருஷம் ஆயிற்று.)

எனக்கும் அன்றைக்குச் சலிப்புதான். வரிசையில் முப்பது பேர் நிற்கும்போது ஒரு பிள்ளைக்குக் கால் மணி நேரமா? ஒரு ஜூன் மாதம் அவர் ஒன்றிய அலுவலகத்துக்குப் போயிருந்த நாளில் ஐந்து பிள்ளைகளை நானே சேர்த்தேன், ஐந்துக்கும் ஜூன் 1. திரும்பி வந்து பார்த்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பள்ளி விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு, "வாம்மா டீச்சர், ஒரு நடை போயிட்டு வரலாம்" என்றார். ஐந்து வீட்டுக்கும் போனோம். திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்தாமலே பதில் சொன்னார்கள். நான்காவது வீட்டில், "எங்கப்பன் செத்த மறு மாசம் சார்" என்று சொன்ன பெண்ணுக்கு அதற்கு மேல் பேச்சு வரவில்லை, கையும் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் டீ போட்டுக் கொண்டுவந்தாள். இருட்டிய பிறகு பள்ளிக்குத் திரும்பி அரிக்கேன் வெளிச்சத்தில் ஐந்து தேதியையும் அடித்துத் திருத்தி அவர் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டார். ஆய்வுக்கு வந்த அதிகாரி கேட்டபோது தன்னுடைய தவறு என்று சொல்லிவிட்டார்.

இவ்வளவு கறார் ஏன் என்பது அவர் ஓய்வு பெறும்போதுதான் எனக்குப் புரிந்தது. அவருடைய சான்றிதழ் தேதியே 1-6-1936. ஒன்றாம் தேதி பிறந்தவர்கள் அதற்கு முந்தின மாதக் கடைசியில் ஓய்வு பெற வேண்டும், ஆகவே 31-5-1994. ஒரே ஒரு நாள் தள்ளி ஜூன் 2 என்று இருந்திருந்தால் ஜூன் 30 வரை வந்திருப்பார், கல்வியாண்டு நடுவில் ஓய்வு என்பதால் மறு நியமனத்தில் அடுத்த மே வரைக்கும் இருந்திருப்பார். நாங்கள் வருத்தப்பட்டோம், அவர் சிரித்தார். "எங்கம்மா கணக்குப்படி ரெண்டு வருஷம் முன்னாடியே நான் வீட்டுக்குப் போயிருக்கணும்மா. ரெண்டு வருஷம் குடுத்த அதே வாத்தியார் ஒரு நாள்ல ஒரு வருஷத்த எடுத்துக்கிட்டார்."

மற்றதெல்லாம் அவர் தலைமுறை ஆசிரியர்கள் எல்லோருக்கும் நடந்ததுதான். 1957-இல் வேலை. பேரணாம்பட்டுப் பக்கம் ஆந்திர எல்லையோரப் பள்ளிகளில் தெலுங்கும் உருதும் பேசும் பிள்ளைகளுக்கு அ, ஆ. 1972-இல் தான் படித்த பள்ளிக்கே தலைமையாசிரியர். 1982-இல் சத்துணவு வந்தபோது வருகை கூடியதைச் சொல்வார், அதைவிட அதிகமாக விறகு ஈரம் என்று பட்ட கஷ்டத்தைச் சொல்வார். பாட்டு வராது. கையெழுத்து மட்டும் அச்சு மாதிரி.

இன்றைக்கு அதே பள்ளியில் நான் தலைமையாசிரியை, அந்தப் பதிவேடு என் பொறுப்பில் இருக்கிறது. பட்டாளத்தில் இருந்து வந்தவர்கள், முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப்போடுகிறவர்கள், ஆதாரில் வருஷம் மட்டும் இருந்து தேதி இல்லாதவர்கள் என்று மாதத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள். 1974-இல் சேர்ந்த ஒரு அம்மாவுக்கு 6-2-1969 என்று இருந்தது. ஓரத்தில் பென்சிலில் பொடி எழுத்தில், 'அண்ணா இறந்து 3-ஆம் நாள்.' படித்துக் காட்டியதும், "ஆமா டீச்சர், எங்கம்மா அப்டிதான் சொல்லும்" என்றார். பதிவேட்டில் பென்சில் குறிப்பு எழுதக் கூடாது. நான் அழிக்கவில்லை.

2024-இல் பெரிய சார் போனார். போஸ்டரில் வயது 88 என்று போட்டிருந்தார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த அவருடைய அக்கா, "இன்னா எம்பத்தெட்டு? தொண்ணூறு ஆயிடிச்சி அவனுக்கு" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பள்ளிக்குப் போய் ஜில்லா போர்டு காலத்துப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். 1941, ஜூன். அந்தப் பக்கத்தில் வரிசையாக ஏழு பிள்ளைகளுக்கு 1-6-36. அவர் நான்காவது. அவர் பெயருக்கு நேராக ஓரத்தில் அதே அச்சுக் கையெழுத்து, பென்சிலில்: 'அம்மா சொன்னது. ஐப்பசி, அடைமழை.'