ஜிம்மி சப்பித் தள்ளிய மாதங்கள்

ஐப்பசி மழை தொடங்கிய கிழமை எங்கள் நாய் ஜிம்மிக்கு எட்டு மாதம். அதுவரைக்கும் எங்கள் வீட்டில் போன சாமான் இரண்டு சோடிப் பாட்டாச் செருப்பும் மகளின் ஒரு சப்பாத்தும்தான். குட்டி, பல் முளைக்கிறது, சரி என்று விட்டுவிட்டோம். நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் 28. அவை விழுந்து 42 பற்களும் முளைத்து முடிய ஆறு, ஏழு மாதம் ஆகும். அதோடு சப்புவதும் நின்றுவிடும் என்று நம்பியிருந்தேன். நிற்கவில்லை, கூடியது. ஒரே மாதத்தில் குசினிக் கதவின் கீழ்மூலை, ஒரு சுளகு, மகளின் கணக்குக் கொப்பி, மெத்தையின் ஓரம் எல்லாம் போயின. அப்புறம் அப்பாவின் சாய்மனைக் கதிரை.

அந்தக் கதிரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போரால் நடந்த 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் இணுவில் வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவகச்சேரிக்குப் போனோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது யன்னல் கதவுகள்கூட இல்லை. கதிரை மட்டும் கிணற்றடியில் மழையில் நனைந்து கிடந்தது. அப்பா அதைக் காயவைத்து, சீலை மாற்றி, கடைசிக் காலம் வரைக்கும் அதில்தான் இருந்தார். வலதுகைப் பக்கத்துச் சட்டத்தின் நுனியில் பேப்பரை மடித்து வைப்பார். ஜிம்மி சப்பியது அந்த நுனியைத்தான்.

நான் கண்டபோது அவன் தலையைச் சரித்து, கடைவாய்ப் பல்லுக்குள் மரத்தை வைத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கறுக் கறுக் என்று அரைத்துக்கொண்டிருந்தான். கீழே சீவல் சீவலாக மரத்தூள். என்னைக் கண்டதும் வாலை ஆட்டினான்.

அம்மா இரண்டு நாள் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்த மௌனந்தான் என்னை உருக்குலைத்தது. பக்கத்து வீட்டு அண்ணை, "ரெண்டு போட்டுச் சங்கிலியிலை கட்டினால் சரி வரும்" என்றார். மூன்றாம் நாள் ஒரு தலையணையைக் கிழித்து வைத்திருந்தான். கிழித்து எவ்வளவு நேரமோ தெரியாது. நான் வேலையால் வந்து, பேப்பரைச் சுருட்டி அடித்துவிட்டேன். அவன் காதை மடித்து, வயிறு நிலத்தில் பட ஒடுங்கினான். செய்த பிழை அவனுக்கு விளங்கிவிட்டது என்று அப்போது நினைத்தேன். அம்மாதான் குசினிக்குள் இருந்து வந்து, "வைரவற்ரை வாகனம், கை வைக்காதை தம்பி" என்றார்.

அடித்ததால் நடந்தது இதுதான்: ஜிம்மி எங்கள் கண்ணுக்கு முன்னால் சப்புவதை விட்டான். கட்டிலுக்குக் கீழே போய்ச் சப்பத் தொடங்கினான். அங்கேதான் மகளின் போன் சார்ஜர் வயர் கிடந்தது, பிளக்கில் மாட்டியபடியே. நல்ல காலம், வெளி உறையை மட்டும் கடித்திருந்த நேரத்தில் மகள் குனிந்து பார்த்து, ஓடிப்போய் சுவிட்சை அணைத்தாள். மின்சாரம் பாய்ந்திருந்தால் வாய் வெந்திருக்கும். அதைவிட மோசம், சில மணித்தியாலம் கழித்துக்கூட நுரையீரலில் நீர் கட்டி மூச்சுத் திணறலாம். அன்றைக்கு இரவு எனக்கு நித்திரையே வரவில்லை.

அடுத்த நாள் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். வாயைத் திறந்து முரசையும் நாக்கையும் பார்த்தார். காயமில்லை. நான் நடந்ததை எல்லாம் சொன்னேன், அடித்ததையும் சேர்த்து. "அவன் ஒடுங்கினது உங்கடை முகத்தைப் பார்த்து. தலையணைக்கும் அடிக்கும் அவனுக்குத் தொடர்பு தெரியாது" என்றார். இந்த வயதில் நாய்க்கு வளர்ந்த நாயின் தாடைப் பலமும் குட்டியின் புத்தியும் ஒரே நேரத்தில் இருக்கும், ஒன்றரை, இரண்டு வயது மட்டும் பொறுக்க வேண்டும் என்றும் சொன்னார். அதோடு ஒரு வேலை தந்தார். நாங்கள் இல்லாத நேரத்தில் என்ன செய்கிறான் என்று பார்க்கச் சொன்னார்.

போனை அலுமாரிக்கு மேலே சாத்தி வைத்து வீடியோ எடுத்தோம். தனிமை தாங்காத நாய் என்றால் ஆள் வெளிக்கிட்ட கொஞ்ச நேரத்திலேயே ஊளையிடும், எச்சில் வடிக்கும், கதவையும் யன்னலையும் பிறாண்டும். அதற்கு வேறு வைத்தியம். ஜிம்மி அப்படி எதுவும் செய்யவில்லை. இருபது நிமிடம் நித்திரை கொண்டான். எழும்பிச் சோம்பல் முறித்தான். யன்னலால் மழையைப் பார்த்தான். பிறகு நடந்து போய் ஒரு செருப்பைத் தூக்கினான். அலுப்பு, வேறொன்றுமில்லை. மழையென்று நான் காலை நடையை நிறுத்தி மூன்று கிழமை ஆகியிருந்தது. அந்த வீடியோவைப் பார்த்தபோது எனக்கு அவன்மேல் இருந்த கோபம் முழுதாகப் போய்விட்டது.

முதலில் வீட்டைத் திருத்தினோம். செருப்பெல்லாம் தட்டுக்கு மேலே, வயரெல்லாம் கதிரை உயரத்துக்கு மேலே, படுக்கை அறைக் கதவு எப்போதும் சாத்தி. ஆளில்லாத நேரத்தில் அவனுக்கு விறாந்தையின் ஒரு பாதி, நடுவில் பழைய மரக் கேற் ஒன்று. சங்கிலியில் கட்டவில்லை. அலுப்பில் சப்புகிற நாயைக் கட்டினால் அலுப்புத்தானே கூடும்? கதிரைச் சட்டத்தில் வேப்பெண்ணெய் தடவியும் பார்த்தோம். வலதுபக்கத்தை விட்டு இடதுபக்கத்துக்குப் போனான். கதிரையை அறைக்குள் வைத்துப் பூட்டினோம்.

சப்புவதை நிறுத்த முடியாது, அதற்கு நல்ல சாமான் கொடுக்க வேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் விளங்கியது. இங்கே எல்லா வீட்டிலும் நாய்க்குக் கறி எலும்பு போடுவார்கள். நாங்களும் போட்டோம். சமைத்த கோழி எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் குத்தும், கறிக்குள் இருக்கும் வெங்காயம் இரத்தத்தைக் கெடுக்கும் என்று வைத்தியர் சொன்னதோடு விட்டோம். வளவில் கிடந்த பனங்கொட்டையை அவனாகவே தூக்கி வந்து சூப்பினான். பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கொட்டை கல்லு மாதிரி. நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது பதிய வேண்டும், பதியாத சாமான் பல்லை உடைக்கும். அதையும் எடுத்துவிட்டேன். யாழ்ப்பாணம் ரவுணில் வாங்கிய, நடுவில் ஓட்டையுள்ள தடித்த றப்பர் பொம்மைதான் கடைசியில் கைகொடுத்தது. சோறும் அவித்த கோழி ஈரலும் பிசைந்து அதற்குள் அடைத்து, பிறீசரில் இறுக வைத்துக் கொடுத்தால் முக்கால் மணித்தியாலம் அதோடு கிடப்பான். குளிர்ந்த கரட்டும் பிடிக்கும். பழைய சாரத் துண்டை முடிச்சுப் போட்டு நனைத்து உறைய வைத்தும் கொடுத்தோம், நூல் பிரியத் தொடங்கியதும் எடுத்துவிடுவோம்.

மழை விட்ட காலைகளில் ஐந்தரைக்கு இருவரும் தோட்டவெளிப் பக்கம் போவோம். வேகமாக நடத்திக் களைக்க வைப்பதுதான் என் எண்ணமாக இருந்தது. அதைவிட, கயிற்றைத் தளர்த்தி, வாழைத் தோட்டத்து வரம்பில் அவன் விரும்பியபடி மணக்க விட்ட நாட்களில்தான் வீட்டுக்கு வந்து அமைதியாகப் படுத்தான். விடாத மழையென்றால் ஒரு கடகத்துக்குள் பழந்துணிகளைத் திணித்து, இடையிடையே ஈரல் துண்டு ஒளித்து வைப்பாள் மகள். மூக்கை உள்ளே விட்டு ஒவ்வொன்றாகத் தேடி எடுப்பான். நாங்கள் பக்கத்திலேயே இருப்போம்.

கள்ளமாகத் தூக்கின சாமானை வாங்குவதுதான் மிகக் கஷ்டம். துரத்தினால் அவனுக்கு விளையாட்டு. துரத்துவதை விட்டோம். "தா" என்று ஒரு சொல், ஒரு துண்டு ஈரல், அவ்வளவுதான். முதல் கிழமை ஈரலை மூக்குக்கு முன்னாலேயே பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் பின்னேரம் நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தபோது காலில் ஏதோ ஈரமாகப் பட்டது. குனிந்தால் ஜிம்மி. வாயில் மகளின் சொக்ஸ், ஒரு ஓட்டைகூட இல்லை. என் பாதத்தில் வைத்துவிட்டு இருந்து என் முகத்தைப் பார்த்தான். ஈரல் முடிந்திருந்தது. ஒரு பாண் துண்டைப் பிய்த்துக் கொடுத்தேன். அன்றைக்கு அந்தப் பிள்ளைமேல் எனக்கு வந்த அன்பை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

எல்லாம் நேராகப் போனது என்று சொல்லமாட்டேன். தையில் ஒரு நாள் தும்புத்தடியைப் பிடித்து, தும்பைப் பிய்த்து விழுங்கிவிட்டான். மூன்று முறை மஞ்சள் நுரையாகச் சத்தி எடுத்தான், சாப்பாட்டைத் தொடவில்லை. திரும்பத் திரும்பச் சத்தி, சாப்பிடாமை, மலம் போகாமை, வயிற்றைத் தொட்டால் நோகிறது என்றால் குடல் அடைப்பாக இருக்கலாம், விடியும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே கொண்டுபோனோம். வைத்தியர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, ஊசி போட்டு, பக்கத்திலேயே வைத்துக் கவனிக்கச் சொன்னார். பின்பக்கத்தால் நூலோ தும்போ தொங்கினால் இழுக்கவே வேண்டாம், உள்ளே குடல் அறுந்துவிடும் என்றார். அடுத்த நாள் காலை முற்றத்தில் தும்பெல்லாம் வெளியே வந்தது. அம்மாதான் முதலில் கண்டு என்னைக் கூப்பிட்டார்.

இப்போது அவனுக்குப் பதினாறு மாதம். பங்குனிக்குப் பிறகு புதிதாக ஒரு சாமானும் பழுதாகவில்லை. கதிரை திரும்பவும் விறாந்தைக்கு வந்துவிட்டது. பின்னேரத்தில் அம்மா அதில் இருந்து பேப்பர் வாசிக்க, ஜிம்மி கீழே றப்பர் பொம்மையோடு படுத்திருக்கிறான். தும்புத்தடியை மட்டும் இன்னும் குசினிக் கதவுக்குப் பின்னால், ஆணியில், உயரத்தில்தான் மாட்டுகிறோம்.