பூச்சு உதிர்வது சூட்டில் அல்ல

எஃகுப் பாகங்களுக்குப் பீங்கான் பூச்சிடும் பணியில் என்னிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் ஒன்றேதான்: இது எத்தனை டிகிரி வரை தாங்கும்? பூச்சுப் பொருளான அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டித்தான் உருகும் என்றும், சிர்க்கோனியா (சிர்க்கோனியம் ஆக்சைடு) 2,700 டிகிரியை ஒட்டித்தான் உருகும் என்றும் சொன்னால் கேட்டவர் நிம்மதி அடைந்துவிடுவார். ஆனால் நான் பார்த்தவரையில் இப்பூச்சுகள் உருகிக் கெட்டதில்லை, உதிர்ந்தே கெட்டிருக்கின்றன. அதிலும் பெரும்பாலும் உலை எரிந்துகொண்டிருக்கும்போது அல்ல, அணைத்து ஆறவிடும்போது.

பூச்சு இல்லாத சாதாரணக் கார்பன் எஃகை எடுத்துக்கொண்டால், சுமார் 570 டிகிரிக்கு மேல் அதன் மீது வுஸ்டைட் எனப்படும் இரும்பு ஆக்சைடு அடுக்கு உருவாகத் தொடங்குகிறது. அதன் படிக அமைப்பில் இரும்பு அணுக்கள் இருக்க வேண்டிய இடங்கள் பல காலியாக இருப்பதால், உள்ளிருக்கும் இரும்பு அதன் வழியே எளிதாக வெளியேறி ஆக்சிஜனுடன் சேர்ந்து, செதில் மளமளவென்று தடிக்கிறது. குரோமியம் சேர்த்த எஃகில் குரோமியம் ஆக்சைடு மெல்லிய படலமாகப் படர்ந்து இதைத் தடுக்கும். ஆனால் அந்தப் படலமும் 1,000 டிகிரியை நெருங்கும்போது ஆவியாகத் தொடங்கும், வாயுவில் நீராவி இருந்தால் அதற்கும் முன்பே. பீங்கான் பூச்சு தேவைப்படுவது இத்தகைய இடங்களில்தான்.

சிக்கல் விரிவில் இருக்கிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள ஆஸ்டெனிடிக் வகைத் துருப்பிடிக்கா எஃகுத் தகட்டை 700 டிகிரி சூடேற்றினால் அது சுமார் 12 மில்லிமீட்டர் நீளும். அதே நீள அலுமினா ஐந்தரை மில்லிமீட்டர் அளவே நீளும். சூடேறும்போது எஃகு பூச்சை இழுக்கிறது, பூச்சில் நுண்விரிசல்கள் விழுகின்றன, சூட்டிலேயே நீண்ட நேரம் இருக்கும்போது அந்த இழுவிசை தளர்ந்துபோகிறது. பிறகு ஆறும்போது எஃகு அதிகமாகச் சுருங்கப் பூச்சு நெருக்குண்டு, பிடிப்புக் குறைந்த இடத்தில் மேலெழும்பி, தகடு தகடாகப் பெயர்கிறது. ஆகவே ஆண்டு முழுவதும் அணையாமல் எரியும் உலையில் நிலைத்திருக்கும் பூச்சு, அதைவிடக் குறைந்த வெப்பத்தில் நாள்தோறும் ஏற்றி அணைக்கும் உலையில் நிற்காமல் போகலாம். ஆகவே எத்தனை டிகிரி என்பதைவிட எத்தனை முறை அணைப்பீர்கள் என்பதையே நான் முதலில் கேட்கிறேன்.

விரிவில் உள்ள இந்த இடைவெளியைச் சமாளிக்கத்தான், தூளை உருக்கிப் பீய்ச்சிப் பூசும் பிளாஸ்மா தெளிப்பில் எஃகுக்கும் பீங்கானுக்கும் நடுவே நிக்கல், குரோமியம், அலுமினியம் கலந்த உலோக அடிப்பூச்சு போடப்படுகிறது. அது சொரசொரப்பான பிடிமானத்தைத் தருவதோடு இன்னொரு வேலையும் செய்கிறது; அதைப் பலர் அறிவதில்லை. படிக வடிவம் மாறாமலிருக்க யிட்ரியா (யிட்ரியம் ஆக்சைடு) கலந்த சிர்க்கோனியா மேற்பூச்சு வெப்பத்தைத் தடுக்குமே தவிர வாயுவைத் தடுக்காது. தெளித்த பூச்சில் நுண்துளைகள் இருக்கும் என்பது ஒருபுறம் இருக்க, உயர் வெப்பத்தில் ஆக்சிஜன் அயனிகள் சிர்க்கோனியாவின் படிகத்தின் ஊடாகவே கடந்து செல்லும்; ஆக்சிஜன் உணரிகளில் அதைப் பயன்படுத்துவதே அந்தக் குணத்துக்காகத்தான். எஃகைக் காப்பது உண்மையில் அடிப்பூச்சின் மேல் தானாக வளரும், சில மைக்ரான் தடிமனே உள்ள அலுமினாப் படலம். விலைப்பட்டியலில் மேற்பூச்சின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், அடிப்பூச்சு ஒரு வரியில் முடிந்துவிடும். நான் வாசிப்பது அந்த ஒரு வரியைத்தான்.

அந்த வரியும் வாயுவைப் பொறுத்தே சரியாகும். ஆக்சிஜன் குறைந்து கந்தகம் மிகுந்த வாயுவில் நிக்கல் அதிகமுள்ள அடிப்பூச்சு ஆபத்தானது, ஏனெனில் நிக்கலும் அதன் சல்ஃபைடும் கலந்தால் 640 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். வனேடியம் உள்ள கன எண்ணெயை எரிக்கும் இடத்தில், சாம்பலில் உள்ள வனேடியம் ஆக்சைடு சிர்க்கோனியாவிலிருந்து யிட்ரியாவை உறிஞ்சிக்கொள்ளும். யிட்ரியாவை இழந்த சிர்க்கோனியா ஆறும்போது படிக வடிவம் மாறி, பருத்து, வெடித்துப் பெயரும்.

பூச்சுப் பொருளைப் பற்றி இவ்வளவு பேசினாலும், பெயர்ந்த பாகங்களைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது தொடக்கம் பெரும்பாலும் விளிம்பில்தான் தெரியும். கூரான விளிம்பிலும் அரைத்துச் சீராக்காத வெல்டிங் மேட்டிலும் பூச்சு முதலில் மயிரிழையாகப் பிளந்து, அங்கிருந்து உட்பக்கமாகக் கழன்றிருக்கும். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால், கணீரென்று ஒலிக்கும் பரப்பு பொத்தென்று மாறும் இடம் அந்தக் கழற்சியின் எல்லை. விளிம்புகளை உருட்டி, கிரிட் பிளாஸ்டிங் செய்து (கூரிய துகள்களை வேகமாக அடித்துப் பரப்பைச் சொரசொரப்பாக்கி), ஈரக்காற்று மீண்டும் துருவேற்றுவதற்குள், சில மணி நேரத்துக்குள் பூசிவிட வேண்டும்.

பாஸ்பேட்டைப் பசைபோல் கொண்டு பிணைத்து, தூரிகையால் பூசும் பீங்கான் கூழ்வகைகளில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. உள்ளிருக்கும் நீர் மெதுவாக வெளியேறும்படி முதல் சூடேற்றத்தை 100 டிகிரிக்குச் சற்றுக் கீழே நிறுத்திவைக்க வேண்டும். அவசரப்பட்டால் நீராவி கொப்புளமாக எழும்பிப் பூச்சைத் தூக்கிவிடும். அந்தக் காத்திருப்பைக் குறைக்க முடியாதா என்று உற்பத்திப் பிரிவு கேட்காத ஷட்டவுன் (வேலைக்காக உலையை நிறுத்திவைக்கும் காலம்) ஒன்றைக்கூட நான் கண்டதில்லை.