ஒரு வினையடை நின்ற இடம்

ஒப்பந்தம் ஒன்றைப் பற்றி ஆங்கிலத்தில் முறையீட்டுக் கடிதம் எழுதியபோது, நிபந்தனைகள் தெளிவாக விளக்கப்படவில்லை என்று சொல்ல நினைத்து, "தி டெர்ம்ஸ் வேர் கிளியர்லி நாட் எக்ஸ்ப்ளெய்ன்ட்" என்று எழுதிவிட்டேன். விளக்கினார்கள், ஆனால் அது புரியும்படி இல்லை என்பதே என் குறை. என் வாக்கியமோ, விளக்கவே இல்லை, அது வெளிப்படை என்று குற்றம் சாட்டியது. விளக்கம் தந்த நாளைக் குறிப்பிட்டு மறுதரப்பு பதில் எழுதிய பிறகுதான், "வேர் நாட் கிளியர்லி எக்ஸ்ப்ளெய்ன்ட்" என்று எழுதியிருக்க வேண்டும் என்பது எனக்கு உறைத்தது.

இந்தத் தவறு நமக்கு எளிதில் நேரக்கூடியது. 'விளக்கப்படவில்லை' என்பதில் வினை, 'படு', எதிர்மறை ஆகிய மூன்றும் ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்வதால், 'தெளிவாக' போன்ற வினையடை நடுவில் நுழைய வழியே இல்லை. அது முன்னால் நிற்கும், அவ்வளவுதான். மற்றப் பொருள் வேண்டுமானால், 'விளக்கப்படவில்லை என்பது தெளிவு' என்று வாக்கியத்தையே மாற்றிவிடுகிறோம். ஆங்கிலச் செயப்பாட்டுவினையிலோ ஹாஸ், பீன், வாஸ் போன்ற துணைவினைகள் தனித்தனியே நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே உள்ள ஒவ்வோர் இடைவெளிக்கும் தனி வேலை உண்டு.

செயல் எவ்வாறு நடந்தது என்று சொல்லும் வினையடை, வினையின் மூன்றாம் வடிவத்தை ஒட்டி அதற்கு முன் வருவது இயல்பு: "ஹாஸ் பீன் கேர்ஃபுல்லி செக்ட்". ஆல்ரெடி, நெவர், ப்ராபப்ளி போன்றவை முதல் துணைவினையை அடுத்து வரும்: "ஹாஸ் ஆல்ரெடி பீன் செக்ட்". இரண்டும் சேர்ந்தால், "ஹாஸ் ஆல்ரெடி பீன் கேர்ஃபுல்லி செக்ட்" என்று அவை தத்தம் இடத்தில் அமர்கின்றன. சிக்கல் எழுவது ஒரே துணைவினை உள்ளபோதுதான். "ஹி வாஸ் கிளியர்லி டோல்ட்" என்றால், அவரிடம் தெளிவாகச் சொன்னார்களா, சொன்னார்கள் என்பது தெளிவா? இருப்பது ஒரே இடைவெளி என்பதால் இரு பொருளும் அங்கேயே வந்து மோதுகின்றன. முதற்பொருளுக்கு "ஹி வாஸ் டோல்ட் கிளியர்லி" என்று வினையடையைக் கடைசிக்குக் கொண்டுபோவதும், இரண்டாவதற்குக் "கிளியர்லி" என்பதை முதலில் வைத்துக் காற்புள்ளி இடுவதும் நல்லது.

துணைவினைக்கும் வினைக்கும் நடுவே எதுவும் வரலாகாது என்று சிலர் கற்பிக்கிறார்கள். அதற்கு அடிப்படையே இல்லை. அதை நம்பி எழுதுபவர்கள்தான் "கேர்ஃபுல்லி ஹாஸ் பீன் செக்ட்" என்று இடறுகிறார்கள்.

வினையடையை எப்போதும் கடைசியில் வைத்துவிட்டால் தீர்ந்தது என்றும் நான் சொல்லமாட்டேன். "தி எரர் வாஸ் நோட்டிஸ்ட் பை தி கிளர்க் ஹூ காப்பீட் தி ஃபைல் இமீடியட்லி" என்ற வாக்கியத்தில், உடனே நடந்தது பிழையைக் கவனித்ததா, கோப்பைப் படியெடுத்ததா என்று சொல்ல முடியாது. "வாஸ் இமீடியட்லி நோட்டிஸ்ட்" என்று மாற்றினால் ஐயம் நீங்கிவிடுகிறது.