டேப்பை எங்கே வைப்பது?

உடல்பருமன் அளவீடுகளில் அதிகம் தப்பாவது, இருப்பதிலேயே மலிவான டேப் அளவுதான். 'இடுப்பு' என்ற சொல்லே ஒரு காரணம். இடுப்பளவு எடுக்க வேண்டும் என்றதும் பலர் பெல்ட் கட்டும் இடத்தைக் காட்டுவார்கள். தொப்பை இருப்பவருக்கு பெல்ட் தொப்பைக்குக் கீழே இறங்கியிருக்கும்; அங்கே அளந்தால் தொப்பை கணக்கிலேயே வராது. அதனால் 'வயிற்றுச் சுற்றளவு' என்று கேட்பதே மேல்.

அக்குளின் நடுவிலிருந்து நேர்கீழாக விரலை இறக்கினால் கடைசி விலா எலும்பு தட்டுப்படும். இன்னும் கீழே இடுப்பெலும்பின் மேல்விளிம்பு. இரண்டுக்கும் நடுவே பேனாவால் ஒரு கோடு. டேப் அந்த உயரத்தில் முதுகுப்பக்கம் தொங்காமல் சுற்றிவர வேண்டும். சதையை அழுத்தக் கூடாது. டேப்பைக் கண்டதும் வயிற்றை எக்காதவர் குறைவு. எக்காதீர்கள் என்று சொன்னால் இன்னும் எக்குவார்கள். இயல்பாக மூச்சுவிடச் சொல்லி, மூச்சு வெளியேறி முடியும்போது படிக்க வேண்டும். இரண்டு முறை அளந்து, வித்தியாசம் 1 செ.மீ.க்கு மேல் போனால் மறுபடி முதலிலிருந்து.

இவ்வளவு மெனக்கெடுவது ஏன்? 170 செ.மீ. உயரம், 68 கிலோ, வயிறு 92 செ.மீ. உள்ள ஆணுக்கு பி.எம்.ஐ. (எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) 23.5. உலகளாவிய 25 என்ற எல்லைக்குள் இருப்பதால் அறிக்கை 'நார்மல்' என்றுவிடும். ஆசியர்களுக்கான 23-ஐ வைத்தாலும் மயிரிழையில்தான் தாண்டுகிறார். ஆனால் வயிறு-உயர விகிதம் 0.54, 0.5-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். அதே உயரத்தில் 82 கிலோ, 83 செ.மீ. வயிறு உள்ள உடற்பயிற்சிக்காரருக்கு பி.எம்.ஐ. 28.4, விகிதம் 0.49. சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனைக்கு முதலில் அனுப்பவேண்டியது முன்னவரை. குடலைச் சுற்றிய கொழுப்பிலிருந்து வெளியேறும் கொழுப்பமிலங்கள் போர்ட்டல் ரத்தக்குழாய் வழியே நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. தொடைக் கொழுப்புக்கு அந்தக் குறுக்குவழி இல்லை.

கொழுப்புச் சதவீதம் காட்டும் எடை மெஷின் உண்மையில் கொழுப்பை அளப்பதில்லை. உடலில் சிறு மின்னோட்டம் செலுத்தி, மின்தடையை அளந்து, சமன்பாட்டில் போட்டு ஊகிக்கிறது. உடலில் நீர் வற்றியிருந்தால் தடை கூடும், கொழுப்பும் கூடியதாகக் காட்டும். பாதங்களில் மட்டும் மின்முனை உள்ள மெஷினில் மின்னோட்டம் பெரும்பாலும் கால் வழியே போய்வருவதால், வயிற்றைப் பற்றி அது சொல்வதை நம்பிவிட முடியாது. பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) வைத்தவரை ஏற்றவே கூடாது.

பி.எம்.ஐ. 35-ஐத் தாண்டியவருக்கு டேப் புதிதாக எதுவும் சொல்லாது. கர்ப்பிணிகளுக்கும் வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் இந்த அளவு பொருந்தாது.

அளவோடு அளந்த இடத்தையும் எழுதிவைக்க வேண்டும். சில முறைகளில் இடுப்பெலும்பின் விளிம்பை ஒட்டியே டேப் வைப்பார்கள். அந்த எண்ணை நடுக்கோட்டு எண்ணோடு ஒப்பிட்டு, வயிறு குறைந்தது என்று எழுதிவிடுவதும் நடக்கிறது.